மூஞ்சில இல்லாத பெட்டி

கண்ணை மூடியே வைங்கண்ணா, நான் சொல்றவரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, சொட்டு மருந்து ஊத்துன அந்த நர்சுப் பொண்ணு செருப்பு சரசரக்க அடுத்த நாற்காலிக்குப் போயிருச்சு. வேல்ச்சாமி மூடிக்கிட்டான். மருந்து எரிஞ்சுது. வெங்காய எரிச்சல் இல்ல, சிமெண்டுத் தூசி விழுந்த எரிச்சலும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. கொஞ்ச நேரத்துல அதே மருந்து தொண்டைக்குள்ள கசப்பா எறங்குச்சு. கண்ணுல ஊத்துனது நாக்குல எப்படி வந்து கசக்குதுன்னு யோசிச்சான். உள்ள எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சந்து விட்டுத்தான் கட்டியிருப்பான் போல. கண்ணுலேர்ந்து தொண்டைக்கு ஒரு சந்து இருந்தா, கண்ணுலேர்ந்து மூளைக்கு ஒண்ணு இருக்கத்தானே செய்யும், அது இதைவிடப் பெருசாவும் இருக்கும். அந்த இடத்துல யோசனையை நிப்பாட்டிட்டு, ஆஸ்பத்திரி சத்தத்தைக் கேக்க ஆரம்பிச்சான். மேல ஃபேன் ஒண்ணு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை டிக்குன்னுது. பக்கத்துல ஒரு பெரியவர் அவரு மகன்கிட்ட, எனக்கு ஆபரேசன் வேண்டாம்டா, நான் பாத்த வரைக்கும் போதும்டான்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி புஷ்பம். அவ மூச்சு விடுறதுலயே தெரியும், மடியில கைப்பையை வச்சு அது மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு நேரா சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பா. கல்யாணத்தன்னைக்கு மேடையிலயும் அப்படித்தான் உக்காந்திருந்தா, கைப்பை மட்டும் இல்ல. மூடின கண்ணுக்குள்ள டியூப்லைட் வெளிச்சம் செவப்பாத் தெரிஞ்சுது. முதல்ல வெளிறுன செவப்பு. அப்புறம் ஓரத்துலேர்ந்து கெட்டியா, நடுவுக்கு வந்து மூடுற செவப்பு. அவனுக்கு அது தெரிஞ்ச செவப்பு. இப்ப அந்தப் பொம்பளைக் குரல் வரும்னு காது தானாத் தயாராச்சு. வேல்ச்சாமி சட்டுனு கண்ணைத் தொறந்தான்.

"மூடுங்க," புஷ்பம் சுவத்தைப் பாத்தபடியே சொன்னா. "ஒரு இடத்துல சும்மா உக்கார முடியாதா உங்களுக்கு? மேல மட்டும் பொழுதன்னைக்கும் உக்காந்திருக்கீங்க."

மேலன்னா கிரேனுக்கு மேல. கேளம்பாக்கத்துக்குப் பக்கத்துல வானத்தைக் குத்துற மாதிரி எந்திரிச்சுக்கிட்டிருக்குற அடுக்குமாடி, அதுக்கும் மேல மஞ்சள் கலர்ல நிக்கிற டவர் கிரேன், அதோட உச்சியில ஒரு கண்ணாடிக் கூண்டு. கேபின்னு பேரு. அதுக்குள்ளதான் வேல்ச்சாமிக்கு உத்தியோகம். காலையில ஏணியில ஏறுனா சாயங்காலம் எறங்குவான். மதியச் சோறு கயித்துல மேல வரும். ரெண்டு கைக்கும் ரெண்டு லிவரு. இடது கை சுத்துறதுக்கும் கொக்கி தொங்குற ட்ராலிய முன்ன பின்ன ஓட்டுறதுக்கும், வலது கை ஏத்தி எறக்குறதுக்கு. பதினஞ்சு வருசமா அந்த ரெண்டு கையும் அவன்கிட்ட எதையும் கேட்டதில்ல. அவன் பாத்தான்னா கை செய்யும். ஊரு கோவில்பட்டிப் பக்கம், அங்க தீப்பெட்டி ஆபீசுல குச்சிக்கு மருந்து முக்கின கை, இப்ப ஒரு லாரி எடையைத் தூக்கி ஒரு முட்டையை வைக்கிற மாதிரி வைக்குதுன்னு அவனுக்குக் கொஞ்சம் கருவம் உண்டு. வெளிய சொல்ல மாட்டான். சொன்னா புஷ்பம், வீட்டுல ஒரு டம்ளரை ஒழுங்கா வைக்கத் தெரியலன்னு ஆரம்பிச்சிருவா. டம்ளரு. அங்கதான் எல்லாமே ஆரம்பிச்சுதா, இல்ல அதுக்கு முன்னாடியேவா. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காப்பி குடிச்சிட்டு டம்ளரை மேசை மேல வச்சான். வச்சான்னுதான் அவன் நெனச்சான். மேசை அங்கதான் இருந்துச்சு, கை மேசைக்கு ஒரு சாண் முன்னாடியே விட்டுருச்சு. டம்ளரு கீழ போய் உருண்டு வாசப்படி வரைக்கும் போச்சு. அவன் குனிஞ்சு எடுக்கல. டம்ளரு திரும்ப மேசைக்கு வந்துரும்னு ஒரு நொடி காத்திருந்தான். அந்த ஒரு நொடியப் புஷ்பம் பாத்தாளோ இல்லையோ, துணிய எடுத்துக்கிட்டு வந்து தரையத் தொடச்சுட்டு, தலைவலின்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, ஒரு எட்டு கண்ணைக் காட்டிட்டு வந்துரலாம்னா.

தலைவலி உண்மைதான். அதெல்லாம் மூஞ்சிப் பெட்டி வந்ததுக்கு அப்புறம். கம்பெனியில அதுக்கு வி.ஆர் ஹெட்செட்டுன்னு பேரு, சைட்டுல எல்லாருக்கும் அது மூஞ்சிப் பெட்டி. சேஃப்டி ஆபீசுக்குப் பக்கத்துல ஒரு கண்டெய்னர்ல ஏசி போட்டு வச்சிருக்காங்க. கிரேன் ஓட்டுறவங்க எல்லாரும் தினம் காலையில மேல ஏறுறதுக்கு முன்னாடி அதுக்குள்ள உக்காந்து, பெட்டிய மூஞ்சில மாட்டிக்கிட்டு, இல்லாத கிரேனை ஓட்டணும். அப்புறம் போய் இருக்குற கிரேனை ஓட்டணும். கத்துக்குடுக்க ரேஷ்மான்னு ஒரு மேடம். நல்ல பொண்ணு. சார் சார்னுதான் பேசும். சார், நெஜத்துல ஒரு தப்புப் பண்ணா ஆள் போயிரும், இதுல எத்தனை தப்பு வேணா பண்ணலாம், தப்புப் பண்ணத்தான் இதுன்னு முதல் நாளே சொல்லிச்சு. வேல்ச்சாமிக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. பெட்டிக்குள்ள அடுத்தவன் வேர்வை நாத்தம், அவனவன் போட்டுட்டு வந்த பவுடர் வாசம், நெத்தியில பதியுற பஞ்சு எப்பவும் லேசா ஈரமா இருக்கும். அந்த ஈரம் யாருதுன்னு நெனைக்காம இருந்தாப் போதும், அப்புறம் கண்ணு முன்னாடி முழுசா ஒரு சைட்டு விரியும். வானம் நீலமா, ஒரு காக்கா கூட இல்லாத வானம். கீழ மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மை ஆளுங்க. அவங்களுக்கு மூஞ்சி கிடையாது. செலவு மிச்சம்னு விட்டுட்டாங்க போலன்னு அவன் ஒரு தடவை சொல்லி ரேஷ்மா மேடம் சிரிச்சுது. தூக்குன சாமான் ஆடிப் போய் ஒரு பொம்மை மேல விழுந்துச்சுன்னா, பொம்மை கத்தாது. அப்படியே படுக்கும். ஹெல்மெட் மட்டும் தனியா உருளும். ஓரத்துலேர்ந்து செவப்பு வந்து மூடும். அப்ப ஒரு பொம்பளைக் குரல் ரொம்பப் பதவிசா, கல்யாண வீட்டுல சாப்பிட்டீங்களான்னு கேக்குற மாதிரி, மீண்டும் முயற்சி செய்யவும்னு சொல்லும். உடனே ரெண்டு கையையும் தூக்கிப் பெட்டிய நெத்தி மேல தள்ளணும். தள்ளுனா ஏசி, கண்டெய்னர், ரேஷ்மா மேடம், மேசை மேல அதோட சாப்பாட்டுப் பை. ஒண்ணும் ஆகல. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடியும் மாட்டிக்கலாம். பொம்மை எந்திரிச்சு நிக்கும். ஹெல்மெட் தலைக்கு வந்துரும். இப்படித் தினம். எத்தனை பேரு செத்து எந்திரிச்சாங்கன்னு கணக்கு இல்ல. கை பழகிருச்சு. செவப்பு வந்தாத் தள்ளு. ஆட்டம் கெட்டாத் தள்ளு. அப்புறமெல்லாம் செவப்பு வர்றதுக்கு முன்னாடியே, சாமான் ஆடுற ஆட்டத்தைப் பாத்ததுமே, இது தேறாதுன்னு தெரிஞ்சுபோய் கை தானா மேல போயிரும். ரேஷ்மா மேடம் கூட ஒரு நாள், என்ன சார், கடைசி வரைக்கும் பாக்காமலே கழட்டிடுறீங்கன்னுச்சு. சாவப்போறவனை எதுக்கு மேடம் பாத்துக்கிட்டுன்னு இவன் சொன்னான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இப்ப மூடின கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. போகல.

பக்கத்துப் பெரியவரு இவன் பக்கம் திரும்பியிருக்கணும், வெத்தலை வாசம் கிட்ட வந்துச்சு. "தம்பிக்கு எந்தக் கண்ணு?"

"ரெண்டும்தாங்க."

"எனக்கும் ரெண்டும். சின்ன வயசுல சினிமாப் பாத்துப் பாத்துப் போச்சுங்கிறா எம் பொண்டாட்டி. அவளும்தான் கூட உக்காந்து பாத்தா. அவளுக்கு நல்லாத்தான் இருக்கு. உனக்கு எதுனால?"

"வேலைங்க. ஒரு பெட்டிய மூஞ்சில மாட்டிக்கிட்டுப் பாக்கணும்."

"உள்ள என்ன தெரியும்?"

"வேலைதான் தெரியும்."

"அடப்பாவமே," ன்னாரு பெரியவரு. "நாங்களாவது படம் பாத்தோம்."

வேல்ச்சாமி சிரிச்சான். சிரிச்சதுல மருந்து கன்னத்துல வழிஞ்சுது. புஷ்பம் சிரிக்கல. அவ சிரிச்சிருக்கணும், அவளுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும், ஆனா அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. அவ எந்திரிச்சுப் போயிட்டாளோன்னு அவனுக்கு ஒரு சந்தேகம். மூடின கண்ணோட கையை நீட்டித் தேடினான். கைப்பை தட்டுச்சு, அதுக்கு மேல அவ கை இருந்துச்சு. இருக்கா. இதுவும் ஒரு புதுப் பழக்கம், இருக்குறதைத் தொட்டுப் பாத்துக்குறது. காலையில எந்திரிச்சதும் கட்டில் சட்டத்தைத் தொட்டுப் பாப்பான். படி எறங்கும்போது காலால முதல்ல தடவிப் பாப்பான். பஸ்சுல கம்பியப் பிடிச்சதுக்கு அப்புறமும் பிடிச்சிருக்கோமான்னு பாப்பான். சில நாள் சாயங்காலம் கைய விரிச்சு வச்சுப் பாத்தா, அது அவன் கை மாதிரியே இருக்கும், அவன் கையாத் தெரியாது. பெட்டிக்குள்ள ரெண்டு கை தெரியும், நீலக் கலர்ல கையுறை போட்ட கை, அது இவன் சொல்றதைக் கேக்கும். வெளிய வந்தா இந்தக் கறுத்த கை எதோ ஒரு நொடி யோசிச்சிட்டுக் கேக்குற மாதிரி இருக்கு. இதைப் போய் யார்கிட்ட சொல்ல. போன்ல பாத்தான். ஒருத்தன் மூளை சுருங்கிப் போயிரும்ங்கிறான். இன்னொருத்தன் மூளை நல்லா வளரும்ங்கிறான், வயசான ஆளுங்களுக்கு வைத்தியமே இதுல பண்றாங்களாம். மூணாவது ஒருத்தன் பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடச் சொல்றான். வேல்ச்சாமி மூணு பேத்துல கீரைக்காரனை நம்பி ரெண்டு வாரம் சாப்பிட்டான். கூட வேலை பாக்குற மத்த ஆபரேட்டருங்களைக் கேட்டான். ஒருத்தனுக்கு வாந்தி வரும், ஒருத்தனுக்குக் கண்ணு அரிக்கும், ஒருத்தனுக்கு ஒண்ணுமே இல்ல, அண்ணே எனக்கு ஜாலியா இருக்குண்ணேங்கிறான். ஒண்ணுமே இல்லங்கிறவன் மூஞ்சியத்தான் வேல்ச்சாமி ரொம்ப நேரம் பாத்தான். கைய நெத்திக்குக் கொண்டு போவியாடான்னு அவனைக் கேக்கணும். கேக்கல. கேட்டா, நீங்க கொண்டு போறீங்களாண்ணேன்னு அவன் திருப்பிக் கேப்பான்.

கொண்டு போனான். வியாழக்கிழமை கொண்டு போனான். அதைச் சுத்தித்தான் எல்லாம் வருது, ஈ மாதிரி, எங்க விரட்டுனாலும் திரும்ப வந்து அதே இடத்துல உக்காருது. வியாழக்கிழமை காலையில கடக்காத்து கொஞ்சம் வேகமாத்தான் இருந்துச்சு, ஆனா ஓட்டலாம். கீழேர்ந்து ஒரு கம்பிக் கட்டைத் தூக்கி மேல் தளத்துல வைக்கணும். தளத்துல சிக்னல் குடுக்க நின்னவன் இசக்கிராஜ். புஷ்பத்தோட தம்பி. ஊருல சும்மா சுத்திக்கிட்டு இருந்தவனை இவன்தான் கூட்டியாந்து சேத்துவிட்டான், என் கண்ணு முன்னாடியே இருப்பான் புஷ்பம், நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிக் கூட்டியாந்தான். இசக்கி மஞ்சள் ஹெல்மெட்டும் பச்சை மேல்சட்டையுமா தளத்தோட விளிம்புக்குக் கிட்ட நின்னு, வாக்கி டாக்கியில, வாங்கத்தான், இன்னும் வாங்கத்தான், மெள்ள மெள்ளன்னு சொல்லிக்கிட்டிருந்தான். சைட்டுல அத்தான்னு கூப்பிடாதல, ஆபரேட்டர்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டான். கட்டு தளத்துக்கு மேல வரும்போது ஒரு காத்து அடிச்சுது. கட்டு ஆட ஆரம்பிச்சுது. ஆடுனா என்ன செய்யணும்னு பதினஞ்சு வருசமாத் தெரியும். ஆடுற பக்கத்துக்கே கூடவே போகணும், அழுவுற பிள்ளையோட போற மாதிரி, போய் அடக்கணும். வேல்ச்சாமி அந்த ஆட்டத்தைப் பாத்தான். இது தேறாதுன்னு தோணுச்சு. ரெண்டு கையும் லிவரை விட்டுட்டு மூஞ்சிக்குப் போச்சு. லிவரை விட்டா கிரேன் டக்குன்னு நின்னுரும், பாதுகாப்புக்கு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கிரேன் நின்னுச்சு. கட்டு நிக்கல. அது வந்த வேகத்துல அப்படியே வீசிக்கிட்டு இசக்கி நின்ன இடத்துக்குப் போச்சு. வேல்ச்சாமியோட விரலு நெத்தியில பெட்டியத் தேடுது. நெத்திதான் இருக்கு. வேர்வை இருக்கு. திரும்பத் தடவுது. கீழ மஞ்சள் ஹெல்மெட் ஒண்ணு உருளுது. மேலேர்ந்து பாத்தா அச்சு அசலா அதே உருட்டல். அப்ப அவனுக்குப் பதறலை. இதை அவனால எவன்கிட்டயும் சொல்ல முடியாது, சாமிகிட்ட கூடச் சொல்லல. பதறலை. ஓரத்துலேர்ந்து செவப்பு ஏன் இன்னும் வரலன்னு பாத்தான். அந்தக் குரலுக்குக் காத்திருந்தான்.

குரல் வந்துச்சு. வாக்கி டாக்கியில. "அத்தான், தூங்கிட்டீங்களா?" இசக்கி தரையோட தரையாப் படுத்திருந்தான். கட்டு அவன் முதுகுக்கு மேல ஒரு தடவை போய் ஒரு தடவை வந்துச்சு. விளிம்பு அவன் தலைக்குப் பக்கத்துல, ஒரு முழம் இருக்கும். மத்தவங்க ஓடி வந்தப்ப, நான்தான் கால் தடுக்கி விழுந்துட்டேன், காத்துன்னு இசக்கியே சொன்னான். சாயங்காலம் ஏணியடியில நின்னு சிகரெட் பத்த வச்சான். ரெண்டு தீக்குச்சி வீணாச்சு. "ஏன் அத்தான், கேபினுக்குள்ள குளவி எதும் வந்துச்சா? ரெண்டு கையையும் மூஞ்சிக்குக் கொண்டு போனீங்க." ஆமால, குளவின்னு வேல்ச்சாமி சொன்னான். இசக்கி அவனைக் கொஞ்ச நேரம் பாத்தான். "மருந்து அடிக்கச் சொல்லுதேன்," ன்னான். அவ்வளவுதான். மறுநாளே வேல்ச்சாமி தலைவலின்னு லீவு போட்டான். கண்ணைக் காட்டி ஓட்டலாம்னு எழுதி வாங்கிட்டு வந்து திங்கக்கிழமை ஏறுங்கன்னு சேஃப்டி ஆபீசுல சொல்லிட்டாங்க.

"தொறங்கண்ணா," நர்சுப் பொண்ணு திரும்ப வந்து டார்ச்சு அடிச்சுப் பாத்துச்சு. "இன்னும் முழுசா விரியல. இன்னொரு சொட்டு." திரும்ப எரிச்சல், திரும்பக் கசப்பு, திரும்பச் செவப்பு. கண்ணுல ஏதாவது இருக்கணும். அவன் அப்படி வேண்டிக்கிட்டான். நரம்பு வீக்கமோ, உள்ள ஓட்டையோ, தண்ணி கோத்திருக்கோ, என்னமோ ஒண்ணு இருக்கணும். கண்ணுல இருந்தா வைத்தியம் இருக்கும், கண்ணாடி இருக்கும், சொட்டு மருந்து இருக்கும். கண்ணுல இல்லன்னா அது அந்தப் பெரிய சந்து வழியா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். ஆனா கண்ணுல இருந்தாலும் கேபின்லேர்ந்து எறக்கிருவாங்க. எறக்கட்டும். எறக்குனா என்ன வேலை செய்ய. வாசக் கேட்டுல உக்கார வச்சு வர்ற வண்டி நம்பரை எழுதச் சொல்வாங்க. எழுதலாம். எழுதுற கைய மூஞ்சிக்குக் கொண்டு போனா யாரும் சாகப்போறதில்ல. இல்ல, வேண்டாம். அவன் ஓட்டணும். அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்தாத்தான் அவன் வேல்ச்சாமி, கீழ எறங்குனா யாரோ. கண்ணுலயும் ஒண்ணும் இருக்கக் கூடாது, உள்ளயும் ஒண்ணும் இருக்கக் கூடாது, வியாழக்கிழமை மட்டும் இல்லாமப் போயிரணும். திரும்ப மாட்டிக்கிட்டா எந்திரிச்சு நிக்கிற மாதிரி. மீண்டும் முயற்சி செய்யவும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," புஷ்பம் சொன்னா. குரலு ரொம்பக் கிட்ட வந்துச்சு.

"கேளு."

"இந்தப் பெட்டியக் கழட்டுறது எப்படி? பின்னாடி கொக்கி கிக்கி இருக்குமா?"

"கொக்கியெல்லாம் இல்ல. அப்படியே நெத்திக்கு மேல தள்ள வேண்டியதுதான். எதுக்கு?"

"சும்மாதான்."

கண்ணை மூடியிருக்கும்போது ஒருத்தர் சும்மாதான்னு சொல்றது வேற மாதிரிக் கேக்குது. மூஞ்சி தெரிஞ்சா சும்மாவா இல்லையான்னு தெரியும். வேல்ச்சாமி தொறக்கலாமான்னு பாத்தான். தொறக்கல.

டாக்டரு சின்ன வயசுக்காரரு. ஒரு மெஷினுக்கு முன்னால நாடியத் தாங்கியில வச்சு, நெத்திய ஒரு பட்டையில ஒட்ட வச்சு உக்காரச் சொன்னாரு. நெத்தியில பட்டை பட்டதும் வேல்ச்சாமிக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை சிலிர்த்துச்சு. இதுவும் கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு. எதிர்ல வெள்ளை வெளிச்சம், ஊசி மாதிரி உள்ள போச்சு. மேல பாருங்க, கீழ பாருங்க, என் காதைப் பாருங்கன்னாரு. ரெண்டு கண்ணையும் ரொம்ப நேரம் பாத்தாரு. தலைவலி எப்ப வரும், பெட்டிய எவ்வளவு நேரம் போடுவீங்கன்னு கேட்டாரு. அப்புறம் நாற்காலியப் பின்னாடி தள்ளிட்டு, "கண்ணு அருமையா இருக்கு, இந்த வயசுல இப்படிக் கண்ணு பாத்து ரொம்ப நாளாச்சு," ன்னாரு.

"அப்ப தலைவலி?"

"அந்தப் பெட்டிக்குள்ள கண்ணு பக்கத்துல இருக்குற கண்ணாடியப் பாக்குது. மூளை அதைத் தூரத்துல இருக்குறதா நெனைக்குது. ரெண்டுக்கும் ஒத்துப் போகாது. கண்ணு களைச்சுப் போகும், தலை வலிக்கும், சிலருக்கு மயக்கம் வரும். நடுநடுவுல கழட்டி வச்சிட்டுத் தூரத்துல பாருங்க."

"நிரந்தரமாக் கெட்டுப் போகுமா சார்?"

"கண்ணு கெட்டுப் போகும்னு சொல்ற மாதிரி இதுவரைக்கும் ஒண்ணும் உறுதியாக் கெடைக்கல. வருசக்கணக்கா தினமும் போட்டா என்னன்னு கேட்டீங்கன்னா, அந்த அளவுக்கு யாரும் இன்னும் போட்டுப் பாக்கல. பாத்துக்கிட்டு இருக்காங்க."

யாரைப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு வேல்ச்சாமி கேக்கல. நம்மளத்தான் பாப்பாங்க.

"மூளைக்கு?"

டாக்டரு சிரிச்சாரு. "நான் கண்ணு டாக்டருங்க." அப்புறம் சிரிப்பை விட்டுட்டு இவனை நேராப் பாத்தாரு. "ஏன், வேற எதாவது தொந்தரவு இருக்கா? கைகாலு, ஞாபகம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. வேற டாக்டருக்கு எழுதித் தர்றேன்."

இங்கதான். வேல்ச்சாமிக்குத் தெரிஞ்சுது, இங்கதான் சொல்லணும். வாய் தொறந்துச்சு. கை, ன்னு சொன்னாப் போதும், மிச்சத்தை அவரே கேப்பாரு. புஷ்பம் கதவோரம் நிக்கிறா. டாக்டரோட மூஞ்சி வெளிச்சத்துல கரைஞ்சு வெள்ளையா இருக்கு, கண்ணும் இல்ல மூக்கும் இல்ல. மூஞ்சி இல்லாத ஆள்கிட்ட என்னத்தச் சொல்ல. "இல்ல சார்," ன்னான். டாக்டரு ஓட்டலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. இன்னும் மூணு நாலு மணி நேரத்துக்குப் பக்கத்துல இருக்குறது மங்கலாத் தெரியும், வெயில் கூசும், கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கோங்கன்னாரு. பஸ் ஸ்டாப்பு எதுத்தாப்புலதான, எதுக்குக் கண்ணாடின்னா புஷ்பம்.

வெளிய வந்தா வெயிலு வெயிலா இல்ல. ரோடு, கடை, ஆளு எல்லாத்தையும் யாரோ சுண்ணாம்பு ஊத்தி அழிச்ச மாதிரி இருந்துச்சு. ஓரம் மட்டும் மிச்சம் வச்சிருந்தாங்க. சத்தம் மட்டும் ஒரு குறையும் இல்லாம வந்துச்சு, ஆரன், ஆட்டோ, ஒருத்தன் கரும்புச்சாறு மெஷினைச் சுத்துற சத்தம். "கைய நல்லாப் பிடிச்சுக்குங்க," ன்னு புஷ்பம் அவன் வலது கையைப் பிடிச்சா. அவ கை வேர்த்திருந்துச்சு. கண்ணு அருமையா இருக்கு. அருமையான கண்ணு. அப்ப அது உள்ளதான். ஒரு அடி வச்சான். காலால தரையத் தடவுனான். தரை இருந்துச்சு. நடுரோட்டுக்கு வந்தாங்க. கண்ணு நல்லா இருக்குன்னு எழுதின காகிதம் சட்டைப் பையில மொடமொடன்னு இருக்கு. திங்கக்கிழமை. வாங்கத்தான், இன்னும் வாங்கத்தான். அப்ப வெள்ளைக்குள்ளேர்ந்து ஒரு பெரிய உருவம் வந்துச்சு, தண்ணி லாரி, ஆரனை அழுத்திக்கிட்டே வந்துச்சு, பிரேக் பிடிச்சதுல பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடுச்சு. வேல்ச்சாமி அந்த ஆட்டத்தைப் பாத்தான். கை புஷ்பத்து கையிலேர்ந்து உருவிக்கிட்டு மேல போச்சு. ரெண்டு கையும். நெத்தி. வேர்வை. கண்டெய்னருக்கும் ஏசிக்கும் காத்திருந்தான். ஒரு சட்டை கிழியுற சத்தம் கேட்டுச்சு. புஷ்பம் காலரைப் பிடிச்சு இழுத்த இழுப்புல அவன் நடுச்சுவரு மேல போய் விழுந்தான். லாரி ஈரத்தை இறைச்சுக்கிட்டுப் போச்சு. ஓட்டுனவன் தலையை வெளிய நீட்டி இவன் ஆத்தாளை விசாரிச்சிட்டுப் போனான்.

மிச்ச ரோட்டை அவ அவன் சட்டையைப் பிடிச்சபடியே தாண்டுனா. பஸ் ஸ்டாப்புக்கு வந்ததுக்கு அப்புறமும் விடல. அவ மூஞ்சி கிட்டத்துல இருந்துச்சு. கிட்டத்துல இருந்ததுனாலயே அவனுக்கு அது தெரியல, ஒரு கறுத்த வட்டம், அதுலேர்ந்து மூச்சு வந்துச்சு.

"எதுக்குக் கைய விட்டீங்க?"

"வெயிலு புஷ்பம். கூசுச்சு. மறைச்சேன்."

"மறைக்கிறவங்க கண்ணு மேல கைய வைப்பாங்க. நீங்க எதையோ கழட்டுனீங்க."

அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கொண்டு போனான்.

"இசக்கி சொன்னான்," ன்னா. "வியாழக்கிழமையே போன் பண்ணிச் சொன்னான். அக்கா, அத்தான் மூஞ்சில இல்லாததைக் கழட்டுதாரு, கண்ணைக் காட்டுன்னான். நான் நம்பல. சிகரெட்டுக் குடிச்சிட்டு உளறாதலன்னு ஏசிப்புட்டேன்." சட்டையை விட்டா. கிழிஞ்ச காலரை ஒரு தடவை நீவி விட்டா, அதுபாட்டுக்குத் திரும்பத் தொங்குச்சு. கைப்பையத் தொறக்குற சத்தம். போனை எடுத்து காதுல வச்சா.

"ஏல இசக்கி. எங்க இருக்க? ... சரி, கேளு. திங்கக்கிழமை நீ வேலைக்குப் போவாத."

அந்தப் பக்கம் சைட்டு இரைச்சலுக்கு நடுவுல இசக்கி குரலு வேல்ச்சாமிக்கே கேட்டுச்சு. "ஏன்க்கா? அத்தான் வரலையா?"

புஷ்பம் இவன் பக்கம் திரும்புனா. திரும்புனது தெரிஞ்சுது, பாத்தது தெரியல.

"வருவாங்க," ன்னா. "அதான் சொல்லுதேன்."

போனை வச்சிட்டு ரோட்டைப் பாத்து நின்னா. கைப்பையை வயித்தோட அணைச்சு, அது மேல ரெண்டு கையும். வேல்ச்சாமிக்கு மேல் தளம் தெரிஞ்சுது, விளிம்பு தெரிஞ்சுது, விளிம்புக்குக் கிட்ட மஞ்சள் ஹெல்மெட்டும் பச்சை மேல்சட்டையுமா ஒருத்தன் நிக்கிறதும் தெரிஞ்சுது. இசக்கி இல்ல. மேலேர்ந்து பாத்தா ஹெல்மெட்டுக்குக் கீழ யாருன்னு எப்பவும் தெரியாது.

"அப்ப அங்க யாரு நிப்பா?" ன்னு கேட்டான்.

"யாராச்சும் நின்னுக்கிடுவாங்க," புஷ்பம் சொன்னா. "பஸ்ஸு வருது. ஏறுங்க."

வந்துச்சு. வெள்ளைக்குள்ளேர்ந்து செவப்பா ஒண்ணு ஓரத்துல தொடங்கி நடுவுக்கு வந்து நின்னுச்சு. வேல்ச்சாமி இடது கையால வலது கை மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தான். புஷ்பம் ஏறிட்டா. கண்டக்டரு, யோவ், கம்பியப் பிடிச்சு ஏறுய்யான்னு கத்துனாரு. கம்பியப் பிடிக்கணும்னா கைய விடணும். அவன் விடல. ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சபடி, படி எங்க இருக்குன்னு காலால தடவிக்கிட்டு நின்னான்.